வில்லியம் ஸ்டூவர்ட் ஹால்ஸ்டெட்

வில்லியம் ஸ்டூவர்ட் ஹால்ஸ்டெட் (செப்டம்பர் 23, 1852 – செப்டம்பர் 7, 1922) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஆவார். பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் முதல் தலைமை அறுவை மருத்துவர் இவரே. அறுவை அரங்கில் ரப்பர் கையுறையைப் புகுத்தியவர், நரம்பில் மருந்து செலுத்தி உடலின் ஒரு பகுதியை மட்டும் மரக்கச் செய்யும் முறையை வகுத்தவர், இளம் மருத்துவர்களுக்கான படிநிலைப் பயிற்சியை ஏற்படுத்தியவர் எனப் பல வகைகளில் இவர் நினைவுகூரப்படுகிறார். எனினும் இவர் பெயரை உலகெங்கும் கொண்டு சென்றது மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை முறையாகும். வெட்டி அகற்றிய புற்று அதே இடத்தில் மீண்டும் தோன்றாமல் தடுப்பது எவ்வாறு என்பதே அம்முறையின் பின்னிருந்த கேள்வி. இதற்கு ஹால்ஸ்டெட் அளித்த விடை ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆட்சி செய்து, பின்னர் கைவிடப்பட்டது.

இளமையும் கல்வியும்

ஹால்ஸ்டெட் நியூயார்க் நகரில் வசதி மிக்க வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். துணி இறக்குமதியே குடும்பத் தொழில். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆண்டோவர் ஊரிலுள்ள பிலிப்ஸ் அகாதமியில் பயின்று, 1870 இல் யேல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவர் படிப்பில் சிறந்தவராக அறியப்படவில்லை. கால்பந்து அணியின் தலைவராகவே அறியப்பட்டார். கல்லூரி வாழ்வின் இறுதி ஆண்டில் உடற்கூற்றியல் நூலும் உடலியங்கியல் நூலும் வாங்கிப் படிக்கத் தொடங்கியது அவர் வாழ்வைத் திசை திருப்பியது. 1874 இல் பட்டம் பெற்றபின் நியூயார்க் நகரின் மருத்துவர்கள் மற்றும் அறுவை மருத்துவர்கள் கல்லூரியில் சேர்ந்து 1877 இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

1878 முதல் 1880 வரை ஐரோப்பாவில் தங்கி மேற்கல்வி பெற்றார். அக்காலத்தில் செர்மானிய மொழி பேசும் நாடுகளே அறுவை மருத்துவத்தில் முன்னின்றன. வியன்னாவில் பில்ரோத், லைப்சிக்கில் தீர்ஷ், ஹாலேயில் வோல்க்மன் ஆகியோரின் அரங்குகளை அவர் நேரில் கண்டார். இவர்களில் பில்ரோத்தும் வோல்க்மனும் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்து, எத்தனை பேருக்கு நோய் திரும்பியது என்று கணக்கு வைத்தவர்கள். பின்னாளில் ஹால்ஸ்டெட் தம் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தது இவர்களுடைய கணக்குகளோடுதான்.

நியூயார்க் ஆண்டுகள்

1880 இல் தாய்நாடு திரும்பிய ஹால்ஸ்டெட், நியூயார்க் நகரின் பல மருத்துவமனைகளில் ஒரே நேரத்தில் பணியாற்றினார். துணிச்சலும் விரைவும் மிக்க அறுவை மருத்துவராக அப்போது அவர் பெயர் பெற்றிருந்தார். 1881 இல் மகப்பேற்றுக்குப் பின் குருதிப்போக்கால் உயிருக்குப் போராடிய தம் தங்கைக்குத் தம் உடலிலிருந்தே குருதி எடுத்துச் செலுத்தினார். குருதி வகைகள் பற்றி எவரும் அறிந்திராத காலம் அது. தங்கை பிழைத்தது நற்பேறு என்றே கூறவேண்டும். அடுத்த ஆண்டு பித்தப்பைக் கற்களால் துன்புற்ற தம் தாய்க்கு, நள்ளிரவுக்குப் பின், வீட்டுச் சமையலறை மேசையில் கிடத்தி அறுவை செய்தார்.

கோக்கைன் ஆய்வும் அடிமைத்தனமும்

1884 இல் வியன்னாவைச் சேர்ந்த கார்ல் கோலர் என்னும் மருத்துவர், கோக்கைன் கரைசலைக் கண்ணில் இட்டால் கண் மரத்துப்போகிறது என்று கண்டறிந்தார். இச்செய்தி எட்டிய சில வாரங்களிலேயே ஹால்ஸ்டெட்டும் அவருடைய உடன் மருத்துவர்களும் ஆய்வில் இறங்கினர். கோலர் மருந்தை மேற்பரப்பில் இட்டார். ஹால்ஸ்டெட் குழுவினரோ நரம்பு செல்லும் பாதையைத் தேடி அதன் அருகே ஊசி மூலம் மருந்தைச் செலுத்தினர். கீழ்த்தாடை நரம்பினருகே செலுத்திய சிறிதளவு மருந்து, அத்தாடையின் ஒரு பாதியை முழுவதும் மரக்கச் செய்தது. இன்று பல் மருத்துவர்கள் நாள்தோறும் போடும் ஊசியின் தொடக்கம் இதுவே.

மருந்தை உடல் முழுதும் பரவவிடாமல், தேவைப்படும் இடத்தில் தேவைப்படும் அளவு மட்டும் இருக்கச் செய்வது என்னும் கருத்து இவ்வாய்வில் தெளிவாக வெளிப்பட்டது. குளோரோஃபார்ம், ஈதர் போன்றவை நோயாளி முழு நினைவையும் இழக்கச் செய்தன. நரம்பருகே இட்ட மருந்தோ ஓர் உறுப்பை மட்டும் தொட்டது.

இவ்வாய்வுக்கு ஹால்ஸ்டெட் கொடுத்த விலை பெரிது. ஆய்வாளர்கள் தங்கள் உடலிலேயே மருந்தைச் செலுத்திச் சோதித்தனர். கோக்கைன் பழக்கத்தை உண்டாக்கும் என்பது அன்று அறியப்படவில்லை. குழுவினர் பலர் அதற்கு அடிமையாயினர். ஹால்ஸ்டெட்டும் அவர்களுள் ஒருவர். 1885 இல் அவர் வெளியிட்ட கட்டுரை ஒன்றின் சொற்றொடர்கள் தொடர்பற்றுக் குழம்பிக் கிடந்தமை அவர் நிலையைக் காட்டுகிறது. 1886 இல் பிராவிடன்ஸ் நகரின் பட்லர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர், அடுத்த ஆண்டும் அங்கே தங்க நேர்ந்தது. கோக்கைனை விடுவிக்க அங்கே மார்ஃபின் கொடுக்கப்பட்டது. ஒரு பழக்கம் ஓரளவு அகன்றது. மற்றொன்று வாழ்நாள் முழுதும் ஒட்டிக்கொண்டது. ஹால்ஸ்டெட் தொடர்ந்து மார்ஃபின் பயன்படுத்தி வந்ததை அவருடைய உடன் பேராசிரியர் வில்லியம் ஆஸ்லர் தனிக் குறிப்பாக எழுதி வைத்தார். அக்குறிப்பு 1969 இல்தான் வெளியாயிற்று.

பால்டிமோரில் மறுவாழ்வு

நோயியல் பேராசிரியரும் நண்பருமான வில்லியம் வெல்ச், 1886 இறுதியில் ஹால்ஸ்டெட்டைப் பால்டிமோருக்கு அழைத்துத் தம் ஆய்வுக்கூடத்தில் இடமளித்தார். நியூயார்க்கில் இருந்த விரைவான மனிதர் இங்கே இல்லை. மெதுவாக, திசுக்களை நோகாமல் கையாண்டு, குருதிக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கட்டி, மெல்லிய பட்டு நூலால் தைக்கும் மருத்துவராக அவர் மாறினார். நாய்களின் குடலைத் தைத்துப் பார்த்த ஆய்வுகளில், குடற்சுவரின் எந்த அடுக்கு தையலைத் தாங்குகிறது என்று கண்டறிந்தார். 1889 இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1890 இல் தலைமை அறுவை மருத்துவராகவும் 1892 இல் பேராசிரியராகவும் நியமனம் பெற்றார்.

அவருடைய அரங்கின் தலைமைச் செவிலியர் கரோலின் ஹாம்ப்டன். நுண்ணுயிர் கொல்லியாகப் பயன்பட்ட பாதரசக் குளோரைடு கரைசலால் அவர் கைகளில் தோல் அழற்சி ஏற்பட்டது. வேலையை விட்டு அவர் விலகும் நிலை வந்தபோது, குட்இயர் ரப்பர் நிறுவனத்திடம் மெல்லிய கையுறைகளைச் செய்து தருமாறு ஹால்ஸ்டெட் கேட்டுக்கொண்டார். இருவரும் 1890 ஜூனில் மணம் புரிந்தனர். கையுறை முதலில் செவிலியரின் கையைக் காக்கவே வந்தது. நோயாளியின் புண்ணைக் காக்க அல்ல. அரங்கிலுள்ள அனைவரும் அதனை அணிய வேண்டும் என்ற வழக்கத்தை நிலைநிறுத்தியவர் ஹால்ஸ்டெட்டின் மாணவர் ஜோசப் பிளட்குட் ஆவார்.

மார்பகப் புற்றுநோய் அறுவை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மார்பகப் புற்றுநோயை அகற்றுவது புதிதல்ல. மயக்க மருந்தும் நுண்ணுயிர் நீக்கமும் வந்தபின் நோயாளிகள் அறுவையைத் தாங்கினர். ஆனால் சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ தழும்பின் ஓரத்திலும் தழும்பிலேயும் புதிய கட்டிகள் தோன்றின. ஹால்ஸ்டெட் திரட்டிய கணக்கின்படி, பில்ரோத்தின் நோயாளிகளில் 82 விழுக்காட்டினருக்கும் வோல்க்மனின் நோயாளிகளில் 60 விழுக்காட்டினருக்கும் நோய் அதே இடத்தில் திரும்பியது. அக்கால ஐரோப்பாவின் தலைசிறந்த கைகள் பெற்ற முடிவுகள் இவை.

இலண்டனின் சார்லஸ் மூர் என்பவர் 1867 இலேயே இதற்கு ஒரு விளக்கம் தந்திருந்தார். திரும்புவது புதிய நோயன்று, முதல் அறுவையில் விடுபட்ட பழைய நோயின் எச்சமே என்பது அவ்விளக்கம். ஹால்ஸ்டெட் இதனை முழுமையாக ஏற்றார். புற்று தான் பிறந்த இடத்திலிருந்து நிணநீர்க் குழாய்கள் வழியே வட்டம் வட்டமாக வெளிநோக்கிப் பரவுகிறது என்றும், ஆகவே பரவிய வட்டத்துக்கு வெளியே கத்தியை வைத்தால் நோயை வேரோடு களையலாம் என்றும் அவர் கருதினார்.

அவருடைய அறுவையில் மார்பகம், அதன்மேலுள்ள தோலின் பெரும்பகுதி, அடியிலுள்ள பெரிய மார்புத் தசை, அக்குளின் நிணநீர்க் கணுக்கள், இவற்றை இணைக்கும் கொழுப்பு ஆகிய அனைத்தும் ஒரே துண்டாக அகற்றப்பட்டன. ஒரே துண்டாக என்பது இங்கு முதன்மையானது. துண்டு துண்டாக வெட்டினால் நோயுற்ற திசுவைக் கத்தி ஊடறுக்கும், நிணநீர்க் குழாய்கள் திறந்துகொள்ளும், அவற்றிலிருந்து புற்று உயிரணுக்கள் புண்ணில் சிந்தி அங்கேயே வேர்கொள்ளும் என்று அவர் அஞ்சினார். கண்ணுக்குத் தெரியாத அந்த உயிரணுக்களே அவருடைய எதிரி. அவற்றைத் தேடிக் கொல்ல அன்று மருந்து ஏதும் கிடையாது. அவை சிந்தாமல் பார்த்துக்கொள்வது ஒன்றே அவர் கையில் இருந்தது. தோல் போதாத இடங்களில் தொடைத் தோலை மெல்லியதாகச் சீவி, லைப்சிக்கின் தீர்ஷ் வகுத்த முறையில் ஒட்டினார்.

1894 இல் வெளியான கட்டுரையில், 1889 ஜூன் முதல் 1894 ஜனவரி வரை அறுவை செய்யப்பட்ட 50 பெண்களின் விவரம் இருந்தது. அவர்களுள் மூவருக்கு மட்டுமே, அதாவது 6 விழுக்காட்டினருக்கு, நோய் அதே இடத்தில் திரும்பியிருந்தது. அதே ஆண்டில் நியூயார்க்கின் வில்லி மேயரும் தனித்து இதையொத்த முறையை வெளியிட்டார். அவர் சிறிய மார்புத் தசையையும் அகற்றினார். வேர் என்னும் பொருள் கொண்ட இலத்தீன் சொல்லிலிருந்து இம்முறை ராடிகல் மாஸ்டெக்டமி எனப் பெயர் பெற்றது. தமிழில் வேரறு மார்பக நீக்கம் எனலாம்.

இந்த 6 விழுக்காடு கவனத்துடன் படிக்கப்பட வேண்டிய எண் ஆகும். பட்டியலின் இறுதியில் இருந்தவர்கள் அறுவை முடிந்து சில மாதங்களே ஆனவர்கள். மேலும் தழும்புப் பகுதியில் திரும்பிய நோயை ஹால்ஸ்டெட் ஒரு வகையாகவும், அதனைச் சூழ்ந்த பகுதியில் தோன்றியதை வேறு வகையாகவும் எண்ணினார். மற்றவர்களின் கணக்கில் இந்தப் பிரிவினை இல்லை. இவற்றைக் கழித்துப் பார்த்தாலும், ஓரிடத்தில் நோய் திரும்புவதைக் குறைத்ததில் அவர் பிறரை விட வெகுதூரம் முன்னேறியிருந்தார் என்பதை மறுக்க முடியாது.

ஆனால் ஓரிடத்தில் நோய் திரும்பாதிருப்பதும் நோயாளி உயிர் பிழைப்பதும் ஒன்றல்ல. இதனை ஹால்ஸ்டெட்டின் கணக்குகளே காட்டின. 1907 இல் அவர் வெளியிட்ட நெடுங்கணக்கில், அக்குள் கணுக்களுக்கு நோய் பரவாத பெண்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் நலமாக இருந்தனர். கணுக்களில் பரவியிருந்தவர்களில் மிகச் சிலரே எஞ்சினர். இரு பிரிவினருக்கும் செய்யப்பட்ட அறுவை ஒன்றே. மார்பில் தடயமின்றி இருந்த நோய் எலும்பிலும் நுரையீரலிலும் கல்லீரலிலும் வெளிப்பட்டது. இதிலிருந்து நோய் குருதி வழியே முன்பே பயணப்பட்டுவிட்டது என்று முடிவு செய்திருக்கலாம். ஹால்ஸ்டெட்டும் அவர் வழிவந்தோரும் பெரும்பாலும் மாறாக முடிவு செய்தனர்: இன்னும் அகலமாக வெட்டவேண்டும். கழுத்தெலும்புக்கு மேலுள்ள கணுக்களும் அகற்றப்பட்டன. சில நோயாளிகளுக்கு நெஞ்சறையின் முன்பகுதி வரை கத்தி சென்றது.

பிழைத்த பெண்கள் கொடுத்த விலையையும் இங்குக் குறிப்பிடவேண்டும். தசை போன மார்பு விலா எலும்புகள் தெரியக் குழிந்தது, தோளசைவு குறைந்தது, நிணநீர் வடிய வழியின்றிக் கை யானைக்கால் போல வீங்கியது. இக்கைவீக்கத்தைப் பற்றி 1921 இல், இறப்பதற்கு ஓராண்டு முன்பு, ஹால்ஸ்டெட் தனிக் கட்டுரையே எழுதினார். தம் அறுவையின் தீங்கைத் தாமே ஆராய்ந்து வெளியிட்டமை அவர் நேர்மைக்குச் சான்றாகும்.

மாணவர்களும் தனிவாழ்வும்

ஹால்ஸ்டெட் அதிகம் பேசாதவர். முன்னறிவிப்பின்றி நாட்கணக்கில் மருத்துவமனைக்கு வராதிருப்பது அவருக்கு வழக்கம். அந்த வெற்றிடத்தை நிரப்பும் பொறுப்பு உள்ளுறை மருத்துவர்கள் மீது விழுந்தது. அவர்கள் விரைவில் முதிர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். நரம்பு அறுவை மருத்துவத்தின் முன்னோடிகளான ஹார்வி குஷிங், வால்டர் டாண்டி, சிறுநீரியல் அறுவையின் முன்னோடியான ஹ்யூ யங் ஆகியோர் அவரிடம் பயின்றவர்கள். உடை விடயத்தில் மிகு நுணுக்கம் உடைய அவர், தம் சட்டைகளைச் சலவைக்குப் பாரிசுக்கு அனுப்பினார் என்பர். கோடைக்காலத்தை வட கரோலினா மலைப்பகுதியிலுள்ள ஹை ஹாம்ப்டன் பண்ணையில் டாலியா மலர்களை வளர்த்துக் கழித்தார். தம்பதியருக்குக் குழந்தைகள் இல்லை.

ஜான் சிங்கர் சார்ஜெண்ட் தீட்டிய நான்கு மருத்துவர்கள் என்னும் ஓவியத்தில் வெல்ச், ஆஸ்லர், ஹவார்ட் கெல்லி ஆகியோருடன் ஹால்ஸ்டெட்டும் காணப்படுகிறார். இவர்களுள் மகளிர் நோயியல் பேராசிரியரான கெல்லி, புற்றுநோய்ப் பகுதியில் ரேடியத்தை வைத்து மருத்துவம் செய்வதில் அமெரிக்காவின் முன்னோடிகளுள் ஒருவராக விளங்கியது குறிப்பிடத்தக்கது.

இறப்பு

தாயைத் துன்புறுத்திய பித்தக்கற்கள் மகனையும் விடவில்லை. 1919 இல் ஹால்ஸ்டெட்டின் பித்தப்பை அகற்றப்பட்டது. 1922 இல் மீண்டும் வலி வந்தபோது முன்னாள் மாணவர்களான ஜார்ஜ் ஹோயரும் மான்ட் ரீடும் அறுவை செய்தனர். அதற்குப் பின் ஏற்பட்ட சிக்கல்களால் செப்டம்பர் 7 அன்று, தாம் உருவாக்கிய மருத்துவமனையிலேயே காலமானார். கரோலின் அதே ஆண்டு நவம்பரில் இறந்தார். நரம்பு மரப்பு ஊசிக்காக அமெரிக்கப் பல் மருத்துவர்களின் தேசியச் சங்கம் அதே ஆண்டு ஏப்ரலில்தான் ஹால்ஸ்டெட்டுக்குத் தங்கப் பதக்கம் அளித்திருந்தது.

அறுவை முறையின் வீழ்ச்சி

ஹால்ஸ்டெட் மறைந்த அதே பத்தாண்டில் இலண்டனின் புனித பார்த்தலோமியு மருத்துவமனையில் ஜெஃப்ரி கெய்ன்ஸ் என்னும் அறுவை மருத்துவர் வேறு வழியை முயன்றார். பொருளியலாளர் ஜான் மேனார்ட் கெய்ன்சின் தம்பியான இவர், ரேடியம் அடங்கிய ஊசிகளை மார்பகத்திலும் சுற்றுப்பகுதியிலும் பதித்து, சிறிய அறுவையோடு நிறுத்திக்கொண்டார். கத்தி எட்டாத உயிரணுக்களை அந்த இடத்திலேயே அழிப்பது இதன் நோக்கம். இவருடைய முடிவுகள் பெரிய அறுவைக்குத் தாழ்ந்தவையாக இல்லை. ஆயினும் ஹால்ஸ்டெட்டின் மாணவர்கள் நிறைந்த அமெரிக்காவில் இது பெரும்பாலும் புறக்கணிக்கப்பட்டது.

இறுதித் தீர்ப்பு எண்களிலிருந்து வந்தது. பிட்ஸ்பர்க் நகரின் பெர்னார்ட் ஃபிஷர் தலைமையில் 1971 இல் தொடங்கிய ஆய்வில், 1,600க்கும் மேற்பட்ட பெண்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டு, சிலருக்கு வேரறு நீக்கமும் மற்றவர்களுக்கு எளிய நீக்கமும் செய்யப்பட்டன. 25 ஆண்டுகள் கழிந்த பின்னும் உயிர்வாழ்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என 2002 இல் வெளியிடப்பட்டது. மார்புத் தசையை இழந்த பெண்கள் அதற்கு ஈடாக எதையும் பெறவில்லை என்பதே இதன் பொருள்.

அதே ஆண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வு முடிவு ஹால்ஸ்டெட்டின் கேள்விக்கு நேரடித் தொடர்புடையது. கட்டியை மட்டும் அகற்றிய பெண்களில், 20 ஆண்டுகளில் அதே மார்பகத்தில் நோய் திரும்பியது 39.2 விழுக்காட்டினருக்கு; அறுவைக்குப்பின் அவ்விடத்தில் கதிர்வீச்சும் பெற்றவர்களில் 14.3 விழுக்காட்டினருக்கு மட்டுமே. எச்சம் இருக்கிறது என்று ஹால்ஸ்டெட் எண்ணியது சரியே. கத்தியை அகலப்படுத்துவதே அதற்கு வழி என்று எண்ணியதுதான் தவறாயிற்று.

மூளைக் கட்டியும் மருந்து வில்லையும்

அகலமாக வெட்டும் வழி எங்கே முடிகிறது என்பதை ஹால்ஸ்டெட்டின் மாணவர் டாண்டி கண்டார். கிளையோமா என்னும் மூளைக் கட்டி அகற்றிய இடத்தருகே மீண்டும் மீண்டும் வளர்வது. 1928 இல் டாண்டி, இத்தகைய நோயாளிகள் சிலருக்கு மூளையின் வலது அரைக்கோளம் முழுவதையும் அகற்றியதாக வெளியிட்டார். அதன் பின்னும் நோய் திரும்புவதைத் தடுக்க இயலவில்லை. மார்பில் ஓர் அங்குலம் கூடுதலாக வெட்டலாம். மூளையில் அதற்கும் இடமில்லை.

கொடிய கிளையோமாக்களில் பெரும்பாலானவை முதற்கட்டியின் விளிம்பிலிருந்து 2 சென்டிமீட்டருக்குள்ளேயே திரும்புகின்றன. கார்மஸ்டின் என்னும் மருந்து இவ்வுயிரணுக்களைக் கொல்லவல்லது. ஆனால் குருதிவழி செலுத்தினால் அது விரைவில் சிதைகிறது. போதிய அளவு கொடுத்தால் எலும்பு மச்சையும் நுரையீரலும் கெடுகின்றன. பாஸ்டன் நகரில் ஜூடா ஃபோக்மனும் ராபர்ட் லாங்கரும் 1976 இல் பெரிய மூலக்கூறுகளைப் பல்லுறுப்பிப் பொருளினுள் அடைத்து மெதுவாகக் கசியச் செய்ய முடியும் என்று காட்டினர். பின்னர் லாங்கரும், ஹால்ஸ்டெட் பணியாற்றிய அதே ஜான்ஸ் ஹாப்கின்சின் நரம்பு அறுவை மருத்துவர் ஹென்றி பிரெம்மும் சேர்ந்து கார்மஸ்டின் வில்லையை உருவாக்கினர்.

சிறு நாணயம் போன்ற இவ்வில்லை 1.45 சென்டிமீட்டர் விட்டமும் 1 மில்லிமீட்டர் தடிப்பும் உடையது, 7.7 மில்லிகிராம் மருந்தைக் கொண்டது. கட்டியை அகற்றியதால் உண்டான குழியின் சுவரில் எட்டு வில்லைகள் வரை பதித்து மண்டையோட்டை மூடிவிடுவர். பல்லுறுப்பி மேற்பரப்பிலிருந்து சிறிது சிறிதாகக் கரைய, இரண்டு மூன்று வாரங்களுக்கு மருந்து சுற்றியுள்ள திசுவில் இறங்குகிறது. திரும்பி வந்த கட்டிகளுக்கு 1996 இலும், புதிதாகக் கண்டறியப்பட்ட கொடிய கிளையோமாவுக்கு 2003 இலும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது.

இதன் பயன் உண்மையானது, எனினும் சிறியது. 240 நோயாளிகள் பங்குகொண்ட ஆய்வில், வில்லை பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 13.9 மாதங்கள், வெற்று வில்லை பெற்றவர்களுக்கு 11.6 மாதங்கள். மருந்து குழியின் சுவரிலிருந்து சில மில்லிமீட்டர் ஆழமே போதிய செறிவுடன் ஊடுருவுகிறது. நோயின் உயிரணுக்களோ அதற்கு அப்பாலும் சிதறியுள்ளன. மூளை வீக்கம், தொற்று, காயம் ஆறுவதில் தாமதம் ஆகியவை இதன் பக்க விளைவுகளாகும்.